வீட்டிலேயே உலகப் பயணம்: பிறந்தநாளுக்கு மூன்று நாடுகள் போதும்

உலகப் பயணம் என்ற கருவில் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கொண்டாட நினைப்பவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்துவிடுகிறார்கள். பத்து நாடுகளின் கொடியை ஒட்டி, பத்து நாட்டுத் தின்பண்டம் வைத்து, கூடத்தை ஒரு கண்காட்சிபோல ஆக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் அதை ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், பிறகு சோபாவில் ஏறிக் குதிக்கத் தொடங்குவார்கள். பயணம் என்றால் கால் நகர வேண்டும். புறப்பட வேண்டும், போய்ச் சேர வேண்டும், அங்கே கையால் ஒன்று செய்ய வேண்டும், வாயால் ஒன்று சொல்ல வேண்டும், ஒன்றைத் தின்ன வேண்டும், முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் அப்படி மூன்று நாடுகளைத்தான் சுற்றிவர முடியும். நான்காவதைச் சேர்த்தால் கேக் வெட்டும்போது பாதிப் பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துப் போயிருப்பார்கள்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் ஏழு முதல் பத்து வயதுக்குட்பட்ட 12 பிள்ளைகளுக்கு, ஒரு கூடமும் இரண்டு அறைகளும் மொட்டைமாடியோ முற்றமோ உள்ள வீட்டுக்கு. நாடுகள் ஜப்பான், கென்யா, மெக்சிகோ. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கண்டத்துக்கு ஒன்று. மூன்றின் சமையலும் நம் அடுப்படியில் இருக்கும் பொருட்களைக் கொண்டே ஆகக்கூடியது. கோடைக்குக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் டோக்கியோ, நைரோபி, மெக்சிகோ நகரம் மூன்றிலும் இல்லை என்பதால், எந்த மாதத்தில் பிறந்தநாள் வந்தாலும் நேர வித்தியாசம் ஒன்றுதான். மாலை 4:30க்கு விழா தொடங்கினால் அப்போது டோக்கியோவில் இரவு 8, நைரோபியில் பகல் 2, மெக்சிகோ நகரத்தில் விடிகாலை 5. மூன்று காகிதத் தட்டுகளில் கடிகார முகம் வரைந்து, இந்த நேரங்களுக்கு முள் வைத்து, வாசலுக்கு எதிரே மாட்டிவிடுங்கள். இவ்வளவு குறைந்த செலவில் விமான நிலையத் தோற்றம் தரும் அலங்காரம் வேறில்லை.

பத்து நாள் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

அழைப்பிதழை விமானச் சீட்டு வடிவில் செய்யுங்கள். ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் மூன்றாக வெட்டினால் 21 செ.மீ. நீளம், ஏறத்தாழ 10 செ.மீ. அகலம் உள்ள மூன்று சீட்டுகள் கிடைக்கும். பயணி பெயர், புறப்படும் நேரம், இருக்கை எண், வாயில் எண் (உங்கள் வீட்டு எண்) எழுதுங்கள். முடியும் நேரத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். சீட்டின் ஓரத்தில் கிழித்துத் தரும் ஒரு துண்டு விடுங்கள். அதில் இரண்டே கேள்விகள்: பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு எது, பெற்றோரின் கைபேசி எண் என்ன. அதற்கு 'விசா படிவம்' என்று பெயர் வைத்தால் பிள்ளைகளே பெற்றோரிடம் கேட்டு நிரப்பிக்கொண்டு வருவார்கள். நிலக்கடலை, முந்திரி, முட்டை, பால் இவற்றில் எது யாருக்கு ஆகாது என்று தெரியாமல் சமையல் பட்டியலை முடிவுசெய்யாதீர்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். விழாவின் உயிர் இதுதான், இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். உண்மையான பாஸ்போர்ட்டின் அளவு 125 × 88 மி.மீ. ஒரு ஏ4 தாளில் 176 × 125 மி.மீ. துண்டுகள் இரண்டு வெட்டலாம். துண்டை நடுவில் மடித்தால் சரியாக அந்த அளவு வரும். ஒரு பாஸ்போர்ட்டுக்கு மூன்று துண்டுகள், அதாவது 12 பக்கங்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு 36 துண்டுகள், 18 தாள்கள். அட்டைக்குக் கருநீலச் சார்ட் ஒன்று போதும். கடையில் கிடைக்கும் முழுச் சார்ட்டில் 180 × 130 மி.மீ. அட்டைகள் 15 வரும்.

தைக்கும் இடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். வீட்டில் இருக்கும் சிறிய ஸ்டேப்ளரின் வாய் மடிப்பு வரை எட்டாது. ஊசி நூல் எடுங்கள். மடிப்பில் நடுவே ஒன்று, அதற்கு மேலே 3 செ.மீ., கீழே 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளைகள் போடுங்கள். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே நூலை இழுத்து, மேல்துளை வழியே உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியே போய், மறுபடி நடுத்துளை வழியே உள்ளே வந்து இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடுங்கள். பழகிவிட்டால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்.

அட்டையில் நான்முகச் சிங்கத்தை வரையவோ அச்சிடவோ வேண்டாம். அரசுச் சின்னத்தை விருப்பம்போலப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரு பூகோள உருண்டையும் பிள்ளையின் பெயரும் போதும். முதல் பக்கத்தில் படம் ஒட்டும் இடமாக 35 × 45 மி.மீ. கட்டம் போட்டுக் காலியாக விடுங்கள். அதற்கான காரணம் விழா நாளைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முத்திரைகளுக்குப் பெரிய அழிப்பான்கள் மூன்று வாங்குங்கள். பெரியவர் ஒருவர் கூர்மையான கத்தியால் ஜப்பானுக்கு ஃபூஜி மலையும், கென்யாவுக்குக் குடைபோல விரிந்த அகேசியா மரமும், மெக்சிகோவுக்குக் கள்ளிச் செடியும் செதுக்கட்டும். எழுத்து வேண்டாம். எழுத்தை வலம் இடமாக மாற்றிச் செதுக்க வேண்டும், நம் தமிழ் எழுத்தின் சுழிகளை அப்படிச் செதுக்குவது பெரும்பாடு. நாட்டின் பெயரைப் பேனாவால் எழுதிவிடலாம். உருளைக்கிழங்கிலும் முத்திரை செய்யலாம், ஆனால் அன்று காலையில்தான் வெட்ட வேண்டும், வெட்டிய முகத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மை திட்டுத்திட்டாகப் பரவும். பாஸ்போர்ட்டின் உள்தாள் வழவழப்பாக இல்லாத சாதாரண ஜெராக்ஸ் தாளாக இருக்கட்டும். பளபளப்பான தாளில் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கொடிகள் விஷயத்தில் கவனம்

கொடித்தோரணம் கட்டுவதென்றால் இந்தியக் கொடியை அதில் சேர்க்காதீர்கள். தேசியக் கொடியைத் தோரணமாகவோ அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது என்று 2002ஆம் ஆண்டுக் கொடிவிதித் தொகுப்பு சொல்கிறது. எந்த நாட்டுக் கொடியையும் தட்டிலும் கைதுடைக்கும் தாளிலும் அச்சிட வேண்டாம், அவை எச்சிலோடு குப்பைக்குப் போகிறவை. சவூதி அரேபியாவின் கொடியில் இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகமான கலிமா எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜப்பான் கொடி வரைவது எளிது: 15 × 10 செ.மீ. தாளில் நடுவே 6 செ.மீ. விட்டமுள்ள சிவப்பு வட்டம். மெக்சிகோவில்தான் தவறு நேரும். பச்சை, வெள்ளை, சிவப்பு என்று நிறுத்திவிட்டால் அது இத்தாலி. நடுவில் கள்ளியின்மேல் அமர்ந்து பாம்பைக் கவ்விய கழுகு இருந்தால்தான் மெக்சிகோ.

ஒப்பனையிலும் ஒரு எல்லை வேண்டும். முகத்தில் கரி பூசுவது, கண்ணை இழுத்து வரைவது, ஒட்டு மீசை வைப்பது எதுவும் வேண்டாம். அந்த நாட்டுப் பிள்ளை ஒன்று இந்த அறைக்குள் வந்தால் மகிழ்ச்சியோடு சேர்ந்து விளையாடுமா, முகம் வாடுமா என்று கேட்டுப்பாருங்கள். பதில் தானாகக் கிடைக்கும்.

பின்யாத்தா செய்தல்

மெக்சிகோவில் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸ் காலத்துக்கும் தொங்கவிட்டு அடித்து உடைக்கும் காகிதப் பொம்மைதான் பின்யாத்தா. நம் உறியடிக்கு ஒன்றுவிட்ட உறவு. பழைய வடிவம் ஏழு முனைகள் கொண்ட விண்மீன். முதல்முறை செய்கிறவர்கள் உருண்டையாகச் செய்து, அதன்மேல் நான்கைந்து காகிதக் கூம்புகளை ஒட்டிக்கொள்ளலாம்.

இதை விழாவுக்கு ஏழு நாள் முன்பாவது தொடங்குங்கள். ஒரு கிண்ணம் மைதாவை இரண்டு கிண்ணம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிப் பசையாக்கி ஆறவிடுங்கள். சுவரொட்டிப் பசைபோல மயில்துத்தம் சேர்க்க வேண்டாம், அது நஞ்சு. 25 செ.மீ. அளவுக்கு ஊதிய பலூன்மேல், 3 செ.மீ. அகலத்தில் கிழித்த செய்தித்தாள் பட்டைகளைப் பசையில் தோய்த்து ஒரு சுற்று ஒட்டுங்கள். பலூனின் முடிச்சைச் சுற்றி 8 செ.மீ. வட்டத்தை ஒட்டாமல் விடுங்கள். ஒரு சுற்று முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தின்மேல் ஈரமாக ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். சாதாரண நாட்களில் ஒரு சுற்று காய ஒரு நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாள். அவசரத்துக்கு வெயிலில் வைத்தால் பலூனுக்குள் காற்று விரிந்து வெடிக்கும், உருண்டை நசுங்கும். நிழலில் மின்விசிறிக் காற்றே நல்லது.

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு சுற்று, எட்டு முதல் பத்து வயதுக்கு மூன்று. நான்கு சுற்று ஒட்டினால் பெரியவர் அடித்தாலும் எளிதில் உடையாது. காய்ந்தபின் பலூனைக் குத்தி எடுத்துவிட்டு வண்ணத்தாள் ஒட்டுங்கள். கயிற்றை மேல் துளையில் மட்டும் கட்டினால் முதல் அடியிலேயே அறுந்து முழுதாக விழும். அடிவயிற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே சேர்த்து முடியுங்கள்.

உள்ளே போடும் பொருள் 700 கிராமுக்கு மேல் வேண்டாம். சாக்லேட் நம் வெயிலில் உருகிவிடும். ஆரஞ்சு மிட்டாய், தேன்மிட்டாய், பென்சில் போன்றவை நல்லவை. யாருக்கும் கடலை ஒவ்வாமை இல்லையென்றால் கடலைமிட்டாயும். எல்லாவற்றையும் உதிரியாகப் போட்டால் வலுத்தவர் அள்ளுவார், சின்னவர் அழுவார். பன்னிரண்டு சிறு பொட்டலங்களாகக் கட்டி, வெட்டிய வண்ணத்தாளோடு போடுங்கள். ஆளுக்கு ஒன்று.

சமையல்

ஜப்பானுக்கு ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை. பச்சை மீனைப் பற்றிய பயம் இதில் இல்லை. பொன்னிப் புழுங்கலில் சோறு உதிரும், உருண்டை நிற்காது. 400 கிராம் பச்சரிசியை வழக்கத்தைவிட அரைப் பங்கு தண்ணீர் கூட்டிக் குழைவாக வேகவையுங்கள். பத்து நிமிடம் ஆறியதும், இளஞ்சூட்டிலேயே, உப்பு நீரில் கையை நனைத்துக்கொண்டு முக்கோணமாகப் பிடியுங்கள். எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிதாகப் பிடித்தால் 16 வரும். வறுத்த எள்ளில் ஒரு புறம் ஒற்றி எடுங்கள். ஜப்பானில் நடுவே புளிப்பான ஊறுகாய்ப் பழம் வைப்பார்கள். இனிப்பு மாங்காய் ஊறுகாயைக் கடுகளவு வைத்தால் அந்தச் சுவைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். வினிகர் சேர்க்காதீர்கள், அது சுஷிக்கு. நோரி என்னும் கடற்பாசித் தாள் கிடைத்தால் பரிமாறும்போது மட்டும் சுற்றுங்கள், முன்பே சுற்றினால் ஊறி ரப்பர்போல ஆகிவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் சோறு விறைக்கும், வெளியே நெடுநேரம் வைத்தால் கெடும். அதனால் விழாவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு பிடிப்பதே சரி.

கென்யாவுக்கு மண்டாஸி. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துப் பொரிக்கும் பலகாரம், கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஊர்களில் காலைத் தேநீரோடு சாப்பிடுவது. 500 கிராம் மைதா, 100 கிராம் சர்க்கரை, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப்பால் 275 மி.லி. வரை, கொஞ்சம் கொஞ்சமாக. சப்பாத்தி மாவைவிட மென்மையாகப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வைத்து, நான்கு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு செ.மீ. கனத்தில் தேய்த்து, எட்டு முக்கோணமாக வெட்டுங்கள். மொத்தம் 32. மெல்லியதாகத் தேய்த்தால் பூரியாகிவிடும். எண்ணெய் காந்தினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். மிதமான தீ, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். சர்க்கரை அதிகமானால் சீக்கிரம் கறுக்கும் என்பதால் அளவைக் கூட்ட வேண்டாம்.

மெக்சிகோவுக்கு எஸ்கீத்தெஸ், கோப்பையில் தரும் மக்காச்சோளம். எட்டுக் கதிர்களை உதிர்த்து, 40 கிராம் வெண்ணெயில், பெருந்தீயில், ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழும்வரை வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் நீர் விட்டு வேகும், வதங்காது. பரிமாறும் முன் இரண்டு எலுமிச்சைச் சாறு, நான்கு மேசைக்கரண்டி மயோனைஸ் (முட்டை ஆகாதவர்களுக்கு வடிகட்டிய தயிர்), உதிர்த்த பனீர் 100 கிராம், காரம் தின்னும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். அந்தத் தூளைத் தூவும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: மிளகாயின் பூர்வீகம் மெக்சிகோ, போர்ச்சுகீசியர் வழியாகத்தான் அது இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே வைத்துக்கொண்டோம், மிளகாய் என்று.

விழா நாள்

4:30க்கு வாசலில் ஒரு மேசை போட்டு 'செக்-இன்' வையுங்கள். விசா படிவத்தை வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள். முதலில் வந்தவர்கள் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தால் வீடு இரண்டாகும். அதற்காகத்தான் படத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டோம். கண்ணாடி ஒன்றை வைத்து, அவரவர் முகத்தை அவரவரே வரையச் சொல்லுங்கள்.

4:50க்கு முதல் விமானம். கூடத்தில் வரிசைக்கு நான்கு நாற்காலிகள், நடுவில் நடைபாதை, மூன்று வரிசை. இடுப்புப் பட்டைக்குத் துப்பட்டா. வீட்டில் பெரியவர் ஒருவர் விமானி. பறக்கும் நேரம் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. சன்னல் பக்கத்தவர் கீழே என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும்: வங்கக் கடல், பிறகு மலைகள், பிறகு பசிபிக். சுவரில் உலக வரைபடம் ஒன்று மாட்டி, ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் சிவப்பு நூலை அடுத்த நாட்டுக்கு இழுத்துக் குத்துங்கள். வரைபடத்தைப் பள்ளிப் பொருள் கடையில் வாங்குவது நல்லது. இணையத்தில் எடுப்பவற்றில் நம் எல்லைகள் வேறு மாதிரி இருக்கக்கூடும்.

ஜப்பான், முதல் அறை. உள்ளே நுழையும்போது 'கொன்னிச்சிவா', கிளம்பும்போது 'அரிகாதோ'. தரையில் பாய் விரித்து, செய்தித்தாளால் கபுத்தோ என்னும் சாமுராய்த் தலைக்கவசம் மடிக்க வையுங்கள். 50 செ.மீ. சதுரம் வேண்டும், அதைவிடச் சிறிதானால் தலையில் இறங்காது. சதுரத்தை மூலைவிட்டமாக மடித்து, மடிப்பு மேலேயும் திறந்த முனை உங்களை நோக்கியும் இருக்கும்படி வையுங்கள். இடது வலது மூலைகளைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்தால் சாய்சதுரம் ஆகும். அந்த இரண்டு இதழ்களையும் மேல்முனைக்கு ஏற்றி, அவற்றின் நுனிகளைக் கொம்புபோல வெளிப்புறம் சாயுங்கள். கீழே எஞ்சிய இரண்டு தாள்களில் மேல்தாளை மட்டும் பாதிக்கு மேல் ஏற்றி மடித்து, விளிம்பை இன்னொரு மடிப்பு மடியுங்கள். பின்தாளை உள்ளே செருகுங்கள். பிள்ளைகள் குழம்புவது இந்தக் கடைசிப் படியில்தான், இரண்டு தாளையும் சேர்த்து மடித்துவிடுவார்கள், தலை நுழைய வாய் இருக்காது. முந்தின நாளே நீங்கள் மூன்று முறை மடித்துப் பழகுங்கள். இருபது நிமிடம், பிறகு ஒனிகிரி, முத்திரை.

5:30க்குக் கென்யா, இரண்டாம் அறை. 'ஜாம்போ', 'அசாந்தே'. சஃபாரி என்ற சொல்லுக்கே கென்யாவில் பேசும் சுவாஹிலி மொழியில் பயணம் என்றுதான் பொருள். திரைச்சீலைக்குப் பின்னும் அலமாரி மேலும் 12 விலங்குப் படங்களை ஒளித்துவைத்து, விளக்கைக் குறைத்து, ஆளுக்கொரு காகிதக் குழல் கொடுத்துத் தேட விடுங்கள். தொட்டு எடுக்கக் கூடாது, கண்டதைப் பாஸ்போர்ட்டில் எழுத வேண்டும். கடையில் வாங்கும் விலங்குக் கட்டுகளில் புலியும் கங்காருவும் கலந்திருக்கும். இரண்டும் ஆப்பிரிக்கக் காட்டில் இல்லை. நீக்கிவிடுங்கள், அல்லது வேண்டுமென்றே ஒரு புலியை வைத்து, "இங்கே இருக்கக்கூடாதது எது?" என்று கேளுங்கள். யானைப் படம் பெரிய காதுள்ள ஆப்பிரிக்க யானையா என்றும் பாருங்கள். மண்டாஸியோடு, பால் ஆகும் பிள்ளைகளுக்கு இளஞ்சூடாகப் பால் கொடுக்கலாம். கென்யாவில் சப்பாத்திக்கும் சாய்க்கும் அதே பெயர்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். 1896இல் தொடங்கிய மொம்பாசா ரயில்பாதை வேலைக்கு ஆயிரக்கணக்கில் போன இந்தியரும், அவரைத் தொடர்ந்து போன வணிகரும் விட்டுவந்த தடம் அது.

6:05க்கு மெக்சிகோ, மொட்டைமாடி. 'ஓலா', 'கிராசியாஸ்'. முதலில் சோளம், பிறகு பின்யாத்தா. தின்றபின் ஐந்து நிமிடம் உட்காரட்டும். கயிற்றை மின்விசிறியிலோ அதன் கொக்கியிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். துணி காயப்போடும் கம்பித் தூண்கள் உறுதியாக இருந்தால் அவற்றுக்கிடையே கட்டுங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மொட்டைமாடியில் கண்ணைக் கட்ட வேண்டாம், முற்றமானால் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டலாம். கம்பு 60 செ.மீ., இலேசானது. சுண்ணாம்புக் கட்டியால் இரண்டரை மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அடிப்பவரைத் தவிர எல்லோரும் கோட்டுக்கு வெளியே. வயதில் சிறியவரிலிருந்து தொடங்கி ஆளுக்கு மூன்று அடி. பெரியவரிலிருந்து தொடங்கினால் இரண்டாவது ஆளிலேயே உடைந்துவிடும். விபத்து நேர்வது உடைந்த அந்தக் கணத்தில்: மிட்டாய்க்குப் பாயும் பிள்ளைகளின் நடுவே கம்பு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு பெரியவரின் வேலை முழுக்க முழுக்கக் கம்பைப் பிடுங்குவது மட்டுமே. அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

6:35க்குச் சென்னை திரும்பும் விமானம். வந்து இறங்கியதும் 'வணக்கம்', கேக். பூகோள உருண்டை வடிவக் கேக்குக்கு ஆசைப்பட வேண்டாம். கடல் நிறத்துக்காகக் கொட்டும் நீலச்சாயம் நாக்கையும் சட்டையையும் பிடிக்கும், உருண்டை நம் சூட்டில் சரியும். ஒரு கிலோ வெள்ளைக் கிரீம் கேக் வாங்கி, போய்வந்த ஊர்களின் பெயர் எழுதிய சிறு காகிதச் சீட்டுகளை மேலே நிறுத்துங்கள். பல்குச்சியில் ஒட்டுவதானால் வெட்டும் முன் எண்ணி எடுத்துவிடுங்கள், துண்டுக்குள் ஒன்று போய்விட்டால் வாயில் குத்தும்.

7 மணிக்குப் பெற்றோர் வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாசலைக் கடக்க வேண்டும். மூன்று முத்திரையும் இருக்கிறதா என்று அங்கே பார்த்து, விட்டுப்போனதைப் போட்டுக் கொடுங்கள். அட்டைச் சார்ட்டில் மூன்று அட்டைகள் மிஞ்சும் அல்லவா, அவற்றுக்கும் தாள் தைத்து வையுங்கள். அழைத்துப்போக வரும் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு தம்பியோ தங்கையோ நிச்சயம் வந்திருப்பார்கள்.